மின்னியல் பியானோ வாங்குமுன்



பிள்ளை பியானோ கற்க ஆசைப்படுகிறது. பெற்றோர் பல மாதங்களாகச் சேர்த்து வைத்த பணத்தோடு கடைக்குப் போகிறார்கள். விற்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார்; ஒரு வாத்தியக் குழுவே முழங்குகிறது. மற்றொன்றை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றில் வயலின். விலையும் குறைவு. வாங்கிவிடுகிறார்கள். ஈராண்டு கழித்து அந்தப் பிள்ளை தேர்வறையில் உண்மைப் பியானோவின் முன் அமர்கிறது. விரலை வைத்தால் கட்டை கனக்கிறது. மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் ஓசையே எழவில்லை. இதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை. வீட்டிலிருந்த கருவி வேறொரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டது. இந்த நிலை வராமலிருக்க, கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

நம் வீடுகளிலும் கோயில் பஜனைகளிலும் ஆர்மோனியம் பழக்கமானது. அதன் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஓசையின் அளவு மாறாது. அது துருத்தியின் காற்றைப் பொறுத்தது. பியானோ அப்படியன்று. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தோஃபோரி என்பவர் இக்கருவியை அமைத்தார். கட்டையை அழுத்தினால் உள்ளேயிருக்கும் சுத்தியல் எழும்பித் தந்தியை அடித்துவிட்டு விலகிக்கொள்கிறது. விரலின் வேகமே ஓசையின் அளவைத் தீர்மானிக்கிறது. மென்மையும் வன்மையும் என்று பொருள்படும் 'பியானோஃபோர்ட்டே' என்ற பெயரின் சுருக்கமே 'பியானோ'.

மின்னியல் பியானோவில் தந்தி இல்லை. கட்டைக்கு அடியில் இரண்டு அல்லது மூன்று உணர்விகள் இருக்கின்றன. கட்டை கீழே இறங்கும்போது முதல் உணர்வியிலிருந்து அடுத்ததை எட்ட எடுக்கும் நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் வேகமாக இறங்கியது என்று பொருள். ஓசையும் ஓங்கி எழும். 1983இல் அறிமுகமான 'மிடி' என்னும் முறையில் இந்த வேகம் 1 முதல் 127 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. மலிவான சில கருவிகளில் இந்த உணர்வு இருப்பதே இல்லை. அவற்றில் பியானோ கற்பது இயலாது.

இனி, கட்டைகளின் கனத்தைப் பார்ப்போம். இவற்றில் மூன்று வகை உண்டு. முதலாவது, உள்ளே சுருள்வில் மட்டும் உள்ள இலகுவான கட்டை. இரண்டாவது, சற்றே கனமூட்டப்பட்ட கட்டை. மூன்றாவது, உள்ளே சிறு சுத்தியல் போன்ற எடை வைத்த கட்டை. உண்மைப் பியானோவின் நடுப்பகுதியில் ஒரு கட்டையை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். தாழ்ந்த சுரங்களின் பக்கம் கனம் கூடும். உயர்ந்த சுரங்களின் பக்கம் குறையும். மூன்றாவது வகையில் நல்லவை இந்த வேறுபாட்டையும் காட்டும்.

எல்லாருக்கும் மூன்றாவது வகைதான் வேண்டுமா என்றால், இல்லை. பக்திப் பாடலுக்கும் திரைப்பாடலுக்கும் ஆர்மோனியப் பாணியில் விரைந்து வாசிப்பவருக்கு இலகுவான கட்டையே வசதி. சுரத்தை வளைத்து வாசிக்க இடப்புறம் ஒரு சக்கரமும் இருந்தால் நல்லது. முறையாகப் பியானோ கற்பவருக்கோ, எடை வைத்த 88 கட்டைகளும் ஒரு மிதியும் வேண்டும். மேடைதோறும் தூக்கிச் செல்பவர் மேடைப் பியானோவை நாடலாம். ஆனால் அவற்றுள் பலவற்றில் ஒலிபெருக்கி கிடையாது; அதைத் தனியே வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஒலி. பெரும்பாலான கருவிகளில் உண்மைப் பியானோவின் சுரங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே சுரத்தை மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் வாசித்துப் பலமுறை பதிந்திருந்தால் ஒலியில் உயிர் இருக்கும். ஒரே பதிவைக் கூட்டிக் குறைத்தால் ஓசையின் அளவு மட்டுமே மாறும், குணம் மாறாது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் நீடிக்கும் என்பதையும் கேளுங்கள். மிதியை அழுத்தி வாசிக்கும்போது பழைய சுரங்களும் ஒலித்துக்கொண்டிருப்பதால், இந்த எண்ணிக்கை 64க்குக் குறையாதிருப்பது நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் ஐந்து.

ஒன்று: ஒரே கட்டையை மிக மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஓங்கி அழுத்துங்கள். ஒலி சீராக வளர வேண்டும். திடீரென்று தாவக் கூடாது.

இரண்டு: ஒரு தாழ்ந்த சுரத்தை அழுத்தியபடியே காத்திருங்கள். ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும்.

மூன்று: கறுப்புக் கட்டைகளுக்கு இடையே, வெள்ளைக் கட்டையின் உட்பகுதியில் அழுத்திப் பாருங்கள். அங்கே மிகவும் கனத்தால் விரல் விரைவில் சோர்ந்துவிடும்.

நான்கு: ஓசையை முற்றிலும் குறைத்துவிட்டு வாசியுங்கள். கட்டைகள் 'டக் டக்' என்று அடித்தால், அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டாருக்கு அது கேட்கும்.

ஐந்து: ஒலிபெருக்கியிலும் ஹெட்ஃபோனிலும் தனித்தனியே கேளுங்கள். இரவில் பயிலும் பிள்ளை ஹெட்ஃபோனில்தான் கேட்கப் போகிறது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். இந்தச் சோதனைகளுக்கு ஒரு விரல் போதும். முடிந்தால் ஆசிரியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் நாட்டு ஈரக்காற்றில் உண்மைப் பியானோவின் மரம் உப்பும், சுருதி விலகும். மின்னியல் கருவிக்குச் சுருதி சேர்க்கும் செலவில்லை. தூசி படியாமல் மூடி வைத்தால் போதும். ஆடாத தாங்கியும் சரியான உயரத்தில் இருக்கையும் அமைத்துக் கொடுங்கள்.

ஐந்நூறு ஒலிகள் உள்ள பெட்டியைவிட, ஒரே ஒரு நல்ல பியானோ ஒலியும் விரலுக்குச் சரியாகப் பதில் சொல்லும் கட்டைகளும் உள்ள கருவியே கற்பவருக்கு ஆசானாக அமையும். எனவே, விரல் சொல்வதை முதலில் கேளுங்கள். காது சொல்வதை அடுத்துக் கேளுங்கள். விற்பவர் சொல்வதைக் கடைசியாகக் கேளுங்கள்.