வீட்டுக் கணினிக்கு எந்த உடற்கூற்றியல் மென்பொருள்?

உயர்தர உயிரியல் படிக்கும் சகோதரிகளே, சந்தா கட்டும் மென்பொருளை வாப்பாவிடம் கேட்குமுன் மூன்றைப் பாருங்கள். நானா பாவித்த பழைய கணினி அதைத் தாங்குமா? திருகோணமலை மாரிமழையில் இணையம் நின்றாலும் திறக்குமா? பெயர்களை மறைத்து நம்மை நாமே சோதிக்கலாமா?

‘இஸட் அனாட்டமி’ இலவசம். தரவிறக்கிய பின் இணையம் வேண்டாம். என்புகளையும் தசைகளையும் எப்பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அதில் தமிழ்ப் பெயர்கள் இல்லை. நமது பரீட்சையோ தமிழில். திரையில் ‘பீமர்’ என்று கண்டதும் கொப்பியில் ‘தொடையென்பு’ என்று எழுதுங்கள். தமிழில் உடற்கூற்றியல் கற்பது புதிதல்ல: மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். மருத்துவபீடத்தில் ஆங்கிலம் என்பதால் இரு பெயர்களும் கைகொடுக்கும்.

பெற்றோரே, பணம் கட்டுமுன் இலவசமானதை ஒரு தவணை பாவிக்க விடுங்கள். பிள்ளை அதைத் தினமும் திறக்கிறாளா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.