தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. வெயில், தெருச் சத்தம், அடுக்களையில் குக்கர் விசில். "அரை மாத்திரை போடுங்க, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம்" என்று கூட வேலை செய்கிறவர் சொல்வார். அல்பிரசோலம், டயஸெபாம், நைட்ரசெபாம் போன்றவை வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான்.

மூளையின் பரபரப்பை அடக்கி வைப்பது காபா என்ற வேதிப்பொருள். அது இயங்கும் நரம்பு இணைப்புகள் மூளையின் பிரேக். மாத்திரை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்துகிறது, தூக்கம் வருகிறது. ஆனால் வளர்ந்தவர் மூளையிலும் இந்த இணைப்புகள் மாறக்கூடியவை. தினமும் மாத்திரை போட்டால், சில வாரங்களிலேயே அவற்றில் காபாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகிவிடலாம். அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும், கை நடுங்கும், படபடக்கும். சிலருக்கு வலிப்பே வரும். 'மனசுல தெம்பு இல்லை' என்று வீட்டார் ஏசுவதில் அர்த்தமில்லை. படிப்படியாகக் குறைத்தால் மூளை பழையபடி பழகிக்கொள்ளும். அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம்; கணக்கை மருத்துவர் போடட்டும். மதுவோடு சேர்த்துப் போடவே கூடாது, மூச்சு அடங்கிப் போகலாம்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்ற குறி இருக்கும். இவை எச்1 அட்டவணை மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர், நோயாளி பெயர்களையும் மருந்தின் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் இதுதான் விதி. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் செய்வது சரி. கேட்காமல் கொடுப்பவர் மீது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யலாம்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்தே பலர் டாக்டரிடம் போவதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம்; மருத்துவர் அதை முதலாளியிடம் சொல்லக் கூடாது. அரசுச் செலவில் மனநல சிகிச்சை பெறுவதும் உங்கள் உரிமை. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். இல்லாவிட்டால் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வலிப்பு வந்தால் யோசிக்காமல் 108.

மாத்திரையை விட வேண்டும் என்று தோன்றினால், விடுவதற்கு முன் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.