அரை மார்க் போன பிளஸ் சி

போன வாரம் ஒரு நீளமான டனலுக்குள்ள எக்ஸிட்டைத் தவறவிட்டேன். மேப்பில நீலப் புள்ளி எங்கேயோ பின்னால நின்றது. அப்பதான் ஸ்கூல்ல அரை மார்க் போன ஞாபகம் வந்தது.

எக்ஸ் வர்க்கத்தின் டெரிவேட்டிவ் 2 எக்ஸ். எக்ஸ் வர்க்கத்தோட 5 கூட்டினாலும் அதே 2 எக்ஸ்தான். மாறாத எண்ணுக்கு மாறும் வேகம் பூச்சியம். அந்த 5 காணாமப் போயிடும். திரும்பி வரும்போது, அதாவது இன்டகிரல் எடுக்கும்போது, அங்க இருந்தது 5-ஆ 500-ஆ என்று தெரியாது. அதனாலதான் "பிளஸ் சி". நான் அதை எழுதல. "அரை மார்க் எங்கே?" என்று அப்பா கேட்டார். சும்மா சம்பிரதாயம் என்றேன்.

சம்பிரதாயம் இல்லைங்க. போன்ல இருக்கிற ஆக்செலரோமீட்டருக்கு முடுக்கம் மட்டும்தான் தெரியும். அதை ஒருதரம் இன்டகிரேட் பண்ணினா வேகம், இன்னொருதரம் பண்ணினா இடம். ரெண்டு தரமும் ஒரு சி வேணும்: என்ன வேகத்தில தொடங்கினோம், எங்கிருந்து தொடங்கினோம். வெளியில இருக்கும்போது ரெண்டையும் ஜிபிஎஸ் கொடுக்குது. டனலுக்குள்ள அது இல்லை.

சென்சர்ல வினாடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் பிழை விடாம இருக்கு என்று வைங்க. 10 வினாடியில அரை மீட்டர் தப்பு, பரவாயில்லை. 60 வினாடியில 18 மீட்டர். ரெண்டு நிமிஷத்தில 72! இடம் நேரத்தின் வர்க்கத்தோட வளருது, பிழையும் அப்படியே. செயலிகள் சாலை வரைபடத்தை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கும்.

டனல் முடிஞ்சதும் ஜிபிஎஸ் புது சி கொடுத்தது. புள்ளி ஒரே தாவலா என் காருக்கு வந்து சேர்ந்தது. எக்ஸிட்தான் போயிடுச்சு.