கழுத்தால் வாசிக்கும் குழல்

ஜப்பானியக் குழல் கலைஞர் கோரோ யமகுச்சியின் 'வெற்று வானில் ஒலிக்கும் மணி' இசைத்தட்டில் மொத்தமே இரண்டு உருப்படிகள்தான், பக்கத்துக்கு ஒன்று. பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டும் கிடையாது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் வெளியிட்ட தட்டு இது. முதன்முறை கேட்பவர் ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு என்றுகூட நினைக்கலாம். சுரம் பிடிபடும் முன்பே 'புஸ்'ஸென்று காற்று கேட்கிறது; சில இடங்களில் சுரத்தையே மூடிவிடுகிறது. அந்தக் காற்றும் வாசிப்பில் சேர்த்திதான்.

வாத்தியத்தின் பெயர் ஷாகுஹாச்சி. ஒரு ஷாகு, எட்டு சுன் என்ற பழைய ஜப்பானிய நீள அளவே பெயராகிவிட்டது. நம் கணக்கில் சுமார் 54.5 செ.மீ. மடாகே என்ற மூங்கிலை வேர்க்கட்டையோடு எடுத்துச் செய்வதால் அடிமுனை தடித்து வளைந்திருக்கும். உட்சுவரில் களிமண் தூளையும் உருஷி மரப்பாலையும் குழைத்துப் பூசுவார்கள். அந்தப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டினாலோ கூட்டினாலோ நாதம் மாறிவிடும் என்பதால் செய்பவருக்குப் பாதி வேலை அங்கேதான்.

இதை நேராகப் பிடித்து மேல்நுனியில் ஊத வேண்டும். நுனியில் சாய்வாகச் செதுக்கிய விளிம்பு ஒன்று உண்டு. காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல, உதட்டிலிருந்து வரும் காற்று அந்த விளிம்பில் மோதிப் பிளந்து உள்ளே இருக்கும் காற்றை அதிரவைக்கிறது. எல்லாத் துளைகளையும் மூடினால் ஏறக்குறைய 293 ஹெர்ட்ஸில் அடிச்சுரம் பிறக்கும். 'ரோ' என்பார்கள்.

துளைகள் முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தால் ஒரு ஸ்தாயிக்கு ஐந்து சுரம்தான் கிடைக்கும். மற்றவற்றுக்குத் துளையைப் பாதி மூட வேண்டும், கூடவே கழுத்தை அசைக்க வேண்டும். முகவாயைத் தாழ்த்தினால் உதடு விளிம்பை நெருங்கிக் குழல்வாயை அதிகம் மறைக்கிறது, சுரம் இறங்குகிறது. இது மெரி. முகவாயை உயர்த்தினால் சுரம் ஏறும், அது கரி. மெரியில் இறங்கும் சுரம் மங்கி, உள்ளடங்கி ஒலிக்கும். ஒரே சுரத்தை இரண்டு விதமாகப் பிடித்து இரண்டு நிறத்தில் தரலாம் என்பது இந்த இசையின் பெரிய சொத்து. துளைகளைக் கூட்டி எல்லாச் சுரத்தையும் சமமாக்கியிருந்தால் அது போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானின் எடோ ஆட்சிக் காலத்தில் இது ஃபுகே பிரிவு ஜென் துறவிகளின் குழல். முகம் முழுவதையும் மறைக்கும் கூடைத் தொப்பி அணிந்து, இதை ஊதியபடியே பிச்சைக்குப் போனார்கள். அவர்களுக்கு இது தியானம். மூச்சு தீரும்வரை ஒரு சொற்றொடர், பிறகு மௌனம், அடுத்த மூச்சு என்று உருப்படிகள் அமைந்ததற்குக் காரணம் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் குரோசாவா கின்கோ கோயில் கோயிலாக இவற்றைத் திரட்டி 36 உருப்படிகளாக ஒழுங்குபடுத்தினார். 1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவையே ஒழித்தது. குழல் துறவிகளை விட்டு ஆசிரியர்கள் கைக்கு வந்தது. யமகுச்சி அந்தக் கின்கோ மரபுக்காரர்.

தட்டின் இரண்டாவது உருப்படி கூட்டில் குஞ்சு வளர்க்கும் கொக்குகளைப் பற்றியது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் ஜப்பானின் சார்பாக இடம்பெற்றது யமகுச்சி வாசித்த இந்தக் கொக்கு உருப்படிதான். முதலில் இதைக் கேட்பது நல்லது. விரல்கள் இரண்டு துளைகளில் மாறிமாறி விழும்போது எழும் 'கொரோ கொரோ' அதிர்வையும், நீண்ட சுரங்களின் முடிவில் முகவாய் தாழ்வதையும் எளிதாக அடையாளம் காணலாம்.