காசு பிறந்த ஊரும் கணக்கு விளையாட்டும்!

கடையில் சாமான் வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடி வந்தது உண்டா? மீதி குறைந்தால் நஷ்டம் உங்களுக்கு. கூடிவிட்டால்? கீரை விற்கும் பாட்டிக்கு! அவருடைய அன்றைய லாபமே அந்தப் பத்து ரூபாயாக இருக்கலாம். அதனால், காசு எண்ணப் பழகுவோமா? முதலில் காசு பிறந்த ஓர் ஊருக்குப் போய் வரலாம், வாங்க!

கோட்டையில் காசு!

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கடப்பாக்கம். அதன் அருகே, கழிமுகத்தின் கரையில் ஆலம்பரைக் கோட்டை. ஆற்காடு நவாபுகள் காலத்தில் இங்கே நாணயச்சாலை இருந்தது. 1750-இல் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் போனது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை இடிந்த மதில்களே.

அந்தக் காலத்தில் சென்னையில் இருந்த கணக்கைக் கேட்டால் தலை சுற்றும்! 80 காசு சேர்ந்தால் ஒரு பணம். 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன். அப்படியானால் ஒரு வராகனுக்கு எத்தனை காசு? 3,360! நமக்கோ 100 பைசா ஒரு ரூபாய். எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா?

விளையாட்டு 1: குழிப் பலகை

திருவிதாங்கூரில் நாணயங்கள் மிகவும் பொடியாக இருந்தன. அவற்றை எண்ண, சின்னச் சின்னக் குழிகள் உள்ள மரப்பலகை வைத்திருந்தார்கள். காசைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்துவிட்டால் போதும், எண்ணிக்கை தயார்!

நீங்களும் முட்டை அட்டையில் 10 குழிகளை வெட்டி எடுங்கள். புளியங்கொட்டைதான் ஒரு ரூபாய். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை எடுத்துக் குழிகளில் போடுங்கள். பத்தும் நிறைந்ததும் 'வங்கி'யில் கொடுத்து, 10 ரூபாய்ச் சீட்டு வாங்குங்கள். முதலில் 50 ரூபாய் சேர்க்கும் அணிக்கே வெற்றி!

விளையாட்டு 2: வகுப்பறைக் கடை

பென்சில், ரப்பர், நோட்டுக்கு விலைச்சீட்டு ஒட்டுங்கள். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வாடிக்கையாளர்கள். 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாய் கொடுத்தால், கழித்தல் போட வேண்டாம். 37-லிருந்து மேலே ஏறுங்கள். ஒரு ரூபாய் வைத்தால் 38. இரண்டு ரூபாய் வைத்தால் 40. பத்து ரூபாய் வைத்தால் 50. வைத்ததைக் கூட்டினால் 13. அதுதான் மீதி!

கடைக்காரர் நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகக் கொடுக்க வேண்டும். மீதி குறைந்ததைக் கண்டுபிடித்தால் 1 மதிப்பெண். 'கூடுதலாக் கொடுத்துட்டீங்க' என்று திருப்பித் தந்தால் 2 மதிப்பெண்!

விளையாட்டு 3: கண்ணைக் கட்டிக் காசு

கண்ணைக் கட்டிக்கொண்டு, தடவிப் பார்த்தே நாணயத்தைச் சொல்ல வேண்டும். 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கம், சட்டென்று மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்று, பெரிய நாணயம் என்றால் பெரிய மதிப்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள்! 2011-இல் வந்த 2 ரூபாய் நாணயத்தின் அகலம் 25 மி.மீ. அதே ஆண்டு வந்த 5 ரூபாய் நாணயம் 23 மி.மீ. மட்டுமே! ஆனால் கனம் அதிகம். பார்வையற்றவர்கள் தினமும் இப்படித்தான் விரலால் காசு எண்ணுகிறார்கள். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்!

தாத்தாவிடம் கேளுங்கள்

'நாலணா' என்றால் என்ன என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். முன்பு 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் நூறு காசுக் கணக்கு வந்தது. கால் ரூபாயான 25 காசை, 'நாலணா' என்றே மக்கள் சொல்லிவந்தார்கள். 2011 ஜூன் மாதத்தோடு 25 காசும் செல்லாமல் போனது. பெயர் மட்டும் தாத்தாக்களின் பேச்சில் இருக்கிறது!

உங்களுக்கு ஒரு புதிர்: 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் கொண்டு 10 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? நண்பர்களோடு சேர்ந்து அடுக்கிப் பாருங்கள். அதற்குள் விடையைப் பார்க்கக் கூடாது, சரியா?

(விடை: 11 விதம்)