கீழ்க் கோரைப்பல் இரண்டும் இருக்கட்டும்

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் எழுபதைத் தாண்டியவர் வாயில் நாலைந்து பல் மிஞ்சியிருந்தால், "அதையும் பிடுங்கிட்டு செட்டாக் கட்டிருங்க" என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. ஒரேயடியாகத் தொல்லை விட்டது என்ற நினைப்பு. கீழ்த்தாடையைப் பொறுத்தவரை இது அவசர முடிவு. பல் போன இடத்தில் எலும்பு ஆண்டுக்காண்டு கரையும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைவதை, 25 ஆண்டு தொடர்ந்து பார்த்து 1972இல் எழுதினார் ஆய்வாளர் டால்கிரன். மேல் செட்டு அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. நாக்கு வேறு தள்ளிவிடும். எலும்பு மேடு தேயத் தேய ஈறு புண்ணாகி, செட்டு டப்பாவிலேயே கிடக்கும்.

கோரைப்பல் இரண்டையும் விட்டுவைத்தால் கதை மாறுகிறது. வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் நிற்கும்படி வெட்டி, முனையை உருட்டி அடைத்து, அதன்மேல் செட்டை உட்கார வைப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. 1978இல் வெளியான ஆய்வில் கிரம், ரூனி என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஐந்தாண்டு அளந்தபோது, இப்படிச் செய்தவர்களுக்குக் கீழ்த்தாடை முன்பகுதியில் 0.6 மில்லிமீட்டர் எலும்புதான் போனது. எல்லாம் பிடுங்கியவர்களுக்கு 5.2. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியதல்ல. வேரைச் சுற்றிய நரம்பும் மிஞ்சுவதால், கடிப்பது முறுக்கா இட்லியா என்ற உணர்வும் ஓரளவு தங்குகிறது.

ஆடுகிற பல் தாங்குமா என்பார்கள். உயரம் குறைந்ததும் பக்கவாட்டு இழுப்பு குறையும். லேசாக ஆடியது நிலைப்பதுண்டு. வேரோடு தளர்ந்துவிட்டதைக் காப்பாற்ற முடியாது. செலவும், தேனிக்கோ உத்தமபாளையத்துக்கோ கூடுதலாக பஸ் ஏறும் அலைச்சலும் உண்மைதான். ஆனால் கோரைப்பல்லுக்குப் பொதுவாக ஒரே வேர், கடைவாய்ப்பல் அளவு வேலையில்லை. எலும்பில் திருகி இறக்கும் இம்பிளாண்ட் இருக்கிறதே என்றால், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு 2002இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்ததும் இரண்டு இம்பிளாண்டின் மேல் செட்டை உட்கார வைப்பதைத்தான். கோரைப்பல்லைப் பிடுங்கிவிட்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில் காசு கொடுத்துத் திருகு இறக்குவது என்ன கணக்கோ! உண்மையான ஆபத்து சொத்தைதான். செட்டுக்கு அடியில் எச்சில் கழுவாது. இரவில் செட்டைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு மொட்டைப் பல்லையும் ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டும். கை நடுங்குகிறவருக்கு வீட்டில் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். அதற்கும் ஆளில்லையென்றால் பிடுங்கிவிடுவதே மேல்.