கட்டபொம்மன் கடற்படைக்குப் போன கதை

நாங்குநேரி வட்டாரத்தில் இருக்கிறது விஜயநாராயணம். கடலுக்கடியில் மறைந்து செல்லும் இந்திய நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு இங்கிருந்துதான் செய்தி போகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் ஆழம் ஊடுருவும் என்பதால், கப்பல் மேலே வராமலே கட்டளையைப் பெறலாம். 1990-இல் தொடங்கிய இந்தத் தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி அதிகாரத்தை எதிர்த்து, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலேற்றப்பட்ட பாளையக்காரர் கட்டபொம்மன். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் உரிமைக்காகப் போரிட்டவர், இந்திய தேசத்தின் போர்வீரர் ஆனது எப்படி?

முதலில் ஊர் ஊராகப் பாடப்பட்ட கதைப்பாடல்கள் அவர் நினைவைக் காத்தன. அவற்றைப் பின்னாளில் நா. வானமாமலை பதிப்பித்தார். ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாறு அவரை விடுதலைப் போராட்டத்தின் முன்னோடியாக நிறுத்தியது. பிறகு சிவாஜி கணேசனின் நாடகம், 1959-இல் பி.ஆர்.பந்துலு இயக்கிய திரைப்படம். அவற்றுக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனத்தைப் பள்ளி மேடைகளில் மாறுவேடமிட்ட சிறுவர்கள் முழங்கினார்கள். கயத்தாறில் நிலம் வாங்கிச் சிலை வைத்ததும் சிவாஜிதான். 1974-இல் அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது.

பாட்டும் மேடையும் திரையும் ஒரு வீரனைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, வீரம் என்றால் வாளும் மீசையும் முழக்கமும்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. படைத்தளத்துக்கு அந்தப் பெயர் வைத்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

வீரனுக்கு எதிராக ஒரு துரோகியும் வேண்டியிருக்கிறது. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டயபுரமும் கம்பெனிப் பக்கம்தான் நின்றது. ஆனால் தலைமுறைகளாக வசை முழுவதும் எட்டயபுரத்துப் பாளையக்காரரான எட்டப்பன் மேலேயே விழுந்தது; தொண்டைமான் மறக்கப்பட்டார்.

இன்னொரு மறதி இதைவிடக் கொடியது. கட்டபொம்மனின் தளபதியாக உள்ளூர் மரபு போற்றும் சுந்தரலிங்கம், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1997-இல் அவர் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது, அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மீண்டும் திருநெல்வேலி மாவட்டமானது.

ஒரே போரில் நின்ற இருவரில் ஒருவரை மட்டும் கொண்டாடும் தேசப்பற்று அரைகுறையானது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பள்ளிகள், சுந்தரலிங்கத்தின் ஊரான கவர்னகிரிக்கும் அழைத்துப்போக வேண்டும். அடுத்து படமெடுக்க வருபவர்களும் அந்த ஊருக்குப் போய்க் கதை கேட்க வேண்டும்.